நார்மலா, ஆபரேஷனா?

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் ஊர் கேட்கிற கேள்விகள் இரண்டு. முதல் கேள்வி, என்ன பிள்ளை. இரண்டாவது, நார்மலா, ஆபரேஷனா. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வந்தாலும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். சுகப்பிரசவம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. படித்தவள், படிக்காதவள், மாடு மேய்க்கிறவள், எல்லோருக்கும் அது நார்மல்தான். அந்த ஒரு சொல்லின்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என் மூத்தவன் ஆபரேஷனில் பிறந்தவன். கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, அறுத்து எடுத்தார்கள், இரண்டு பேரும் பிழைத்தோம். அதற்கு என் மாமியார் எனக்குக் கொடுத்த பட்டம், கிழிச்சிக்கினவ. பஸ் ஸ்டாண்டில் பூக்காரி விசாரித்தால்கூட, "இன்னாத்த சொல்றது போ. நாங்கள்லாம் மல்லாட்டை ஆஞ்சிக்கினு இருந்தவங்க, அப்பிடியே போய்ப் பெத்துட்டு வந்தோம். இதுங்களுக்கு முக்கறதுக்குத் தெம்பு இல்ல" என்பார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நானும் விட்டுப் பார்த்தேன். ஒரு நாள் தாங்கவில்லை. "அத்தே, உங்க பேரனை உள்ளயே வெச்சித் தெச்சிடச் சொல்லியிருக்கலாம். உங்க மானமாவது மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு வாய் நீளம். திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. முகையூர்ப் பக்கத்துப் பெண். போனில் ஒரு எழுத்து டைப் செய்யமாட்டாள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதற்கும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாள், அடுக்களையிலிருந்து கூடத்துக்கு. மெசேஜ் பாதி, சிரிப்பு பாதி. மாமியார் என்னைக் குத்தும்போது மட்டும் சிரிக்கமாட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அப்போது இரண்டு பேருமே மாசமாக இருந்தோம். அவளுக்கு அது முதல் பிள்ளை. எனக்கு இரண்டாவது, அவளைவிட இரண்டு மாசம் பின்னால். ஒரே வீட்டில் இரண்டு வயிறு என்று ஊரெல்லாம் கேலி. "எனக்கு மட்டும் நார்மலா ஆயிடணும்க்கா. இந்த அத்தை வாய்ல என்னால விழ முடியாது" என்று ஒரு நாள் துணி உலர்த்தும்போது சொன்னாள். வீரன் கோயிலில் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். ஆணா பெண்ணா என்பதைப் பற்றி அவள் வேண்டிக்கொள்ளவே இல்லை.

பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் நடக்கிற முதல் காரியம், நர்ஸைத் திட்டுவது. முன்பு ஒரு நர்ஸம்மா இருந்தார், மாற்றலாகிப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பெண்களுக்கும் குரல் இளகிவிடும். "தங்கமான அம்மா. தோள்ல கை போட்டு, எல்லாம் நார்மலா கீது, போய்ட்டு வா கண்ணுன்னு சொல்லும். அந்தச் சொல்லுக்கே பாதி நோவு போயிடும்." அவர் பிரஷர் மெஷினைக் கையில் சுற்றினாரா, சுற்றாமலே எழுதினாரா என்று ஒருத்திக்கும் நினைவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. எங்களுக்கு நல்லா பாக்கறது என்றால் நல்லா பேசறது.

இப்போது இருக்கிற நர்ஸ் அப்படி இல்லை. ஒல்லியான மனுஷி. டிபன் பாக்ஸ் மூன்று மணிவரை மேஜைமேல் திறக்காமல் இருக்கும். "செருப்பைக் கழட்டு. ஏறு. எறங்கு. சத்து மாத்திரை போட்றியா?" போடுகிறேன் என்று சொன்னால் விடமாட்டார். "வெளிக்கி கறுப்பாப் போவுதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பார். மாத்திரை போட்டால் அப்படித்தான் போகுமாம், அதுதான் சாட்சி. அய்யய்யே, அதுக்கு வெட்கப்பட்டே பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்கள். என் முறை வந்தபோது, "தார் ரோடு மாதிரி போவுது சிஸ்டர்" என்றேன். பெஞ்சே சிரித்தது. அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இந்தக் கை அணைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: மெஷினைச் சுற்றாமல் ஒருத்தியைக்கூட அனுப்பமாட்டார். அவருக்கு நல்லா பாக்கறது என்றால் அதுதான்.

ஓரகத்திக்கு ஏழாம் மாசம் நடந்தது. வளையல் அடுக்க நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரத்துச் செவ்வாயன்று நான் சிறுநீர் பிடித்துக்கொண்டு வரப் பின்பக்கம் போயிருந்தேன். உள்ளே நர்ஸ் இவளுக்கு மெஷினைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி பார்த்திருக்கிறார். பிறகு சொன்னது இவ்வளவுதான்: "நார்மலா இல்லம்மா. யூரின்ல உப்பும் இருக்குது. தள்ளிப்போடாத, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரு. சீட்டு எழுதித் தர்றேன்."

நான் திரும்பி வந்தபோது இவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "இன்னாடி சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, உப்பைக் கொறைச்சிக்கச் சொன்னாங்க" என்றாள்.  அன்றைக்கு ராத்திரி குழம்பைத் தொடாமல் வெறும் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். எனக்குப் பிறகு தெரியவந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். நர்ஸ் சொன்னது பிரஷரை. இவள் காதில் விழுந்தது பிரசவம். நார்மல் இல்லை என்றால் என்ன? ஆபரேஷன். பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றால் எதற்கு? அறுக்கத்தான். ஏழாம் மாசத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே மடித்து மடித்து, பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருக்கிப் போட்டுவிட்டாள்.

வளையல் போடுகிற அன்றைக்கு வளையல் கையில் ஏறவில்லை. அவளுக்குப் பூஞ்சைக் கை. அந்த அளவுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். சோப்பைக் குழைத்துத் தடவி ஏற்றினார்கள். காலும் பூசணிக்காய் மாதிரி பொதபொதவென்று இருந்தது. "புள்ளத்தாச்சின்னா நீர் கோக்காதா? எனக்கு ரெண்டு பேருக்கும் இப்பிடித்தான்" என்றார் மாமியார். "மொகம் பூசனாப்ல இருக்குது, சந்தேகமே இல்ல, ஆம்பளப் புள்ள" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோருக்கும் சந்தோஷம். கலந்த சாதம் ஏழு வகை. போட்டோவில் அவள் இரண்டு கையையும் நிறைவயிற்றின்மேல் வைத்துச் சிரிக்கிறாள். அந்தப் போட்டோவை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். முறை அது. வளையல் போட்டுவிட்டால் பிறந்தகம் போகவேண்டும். அங்கே வேறு நர்ஸ், வேறு ஆஸ்பத்திரி.

அடுத்த செவ்வாய் நான் தனியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் நர்ஸ் பேனாவை வைத்துவிட்டார். "உன் ஓரகத்தி எங்க? பெரியாஸ்பத்திரி போனாளா இல்லையா? அவ புருஷனுக்குப் போன் போட்டா, அம்மா வீட்ல இருக்கா, நல்லா இருக்கான்னு வைக்கறான்."

"உப்புதானே சிஸ்டர் கொறைக்கச் சொன்னீங்க?"

"உப்பா? அடிப்பாவி! பிரஷர் ஏறிக் கெடக்குது. வலிப்பு வந்தா ரெண்டு உசுரும் போயிடும். உப்புன்னு சொல்லிக்கினு உக்காந்திருக்கீங்களா?"

எனக்கு வயிற்றில் இருந்த பிள்ளை ஒருதரம் புரண்டது. அங்கேயே வேப்பமரத்தடிக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். மூச்சு வாங்கியது. என்னடி செய்கிறாய் என்றால், வீடு துடைக்கிறாளாம். துடைப்பான் இல்லாமல், குந்திக்கொண்டு, குனிந்து குனிந்து. காலையில் வாசல் பெருக்கல், குந்தி உட்கார்ந்து மல்லாட்டை ஆய்தல், சாயங்காலம் ஏரிக்கரை வரை நடை, சீரகத் தண்ணீர். "இப்பிடி வேலை செஞ்சா நார்மலா ஆயிடும்னு அம்மா சொல்லுது. ஆயிடும்தானக்கா?" அந்தச் சின்னக் குரலில் அவ்வளவு ஆசை. பிரஷரை இறக்கிப் படுத்துக் கிடக்கவேண்டியவள், நார்மல் ஆவதற்காக முதுகு ஒடிய உழைத்துக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குதாடி?"

"ஆமாக்கா. விண்ணுவிண்ணுன்னு. கண்ணு முன்னால மின்மினி பறக்குது. வெயிலுக்குத்தான்."

"வெயிலும் இல்ல, வெங்காயமும் இல்ல. பிரஷர்டி அது. ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா கிழிச்சிடுவாங்கக்கா. சிஸ்டரே சொல்லிட்டாங்க, எனக்கு நார்மல் இல்லன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடப்பாவிகளா, என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். "பைத்தியமே, அது பிரசவத்தைச் சொல்லலடி, பிரஷரைச் சொன்னது. ரத்தம் ஓடற வேகம். அது நார்மலா இல்லன்னுதான் சொன்னாங்க" என்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துடைக்கிற துணியை அவள் வாளியில் போடுகிற சத்தம் கேட்டது. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் நம்பியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் அவள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா உனுக்கு? நீ கிழிச்சிக்கினா எல்லாரும் கிழிச்சிக்கணுமா? எம் பொண்ணு நார்மலாப் பெத்துட்டா உன் மவுசு கொறைஞ்சிடும்னு பாக்கறியா? வெய்யி போனை."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவள் தங்கை ஒருத்தி ஆபரேஷன் மேஜையிலேயே போனவள். கத்தி என்றாலே அந்த வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நடுங்கும். ஆனாலும் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். அந்த உண்மையை நான் சொன்னால் செல்லாது. என் வயிற்றில் தையல் இருக்கிறதே! பொறாமைக்காரி என்று ஒரே வார்த்தையில் என் வாயைக் கட்டிவிட்டார்கள்.

நர்ஸ் அந்தப் பக்கத்து நர்ஸுக்குப் போன் செய்தார். அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கிறார். அம்மா வாசலில் நின்று, "அவ இங்க இல்லீங்க, சொந்தத்துல ஒரு விசேஷம், போயிருக்கா" என்று அனுப்பிவிட்டாள். மகள் உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனுக்கு நான் போன் செய்தேன். ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிஃப்டில் இருந்தான். "அண்ணி, அவ அம்மா சொல்றாங்க நல்லாத்தான் இருக்கான்னு. லீவு கேட்டா சூப்பர்வைசரு பேஜாரு பண்றான். ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பாக்கறேன்" என்றான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாமியாரிடம் சொன்னேன். மாமியார் முதல்முறையாக என்னைக் குத்தாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "கெளம்பு, நானும் வர்றேன். காலைல மொத பஸ்ல போய்க் கையோட கூட்டிக்கினு வந்துடலாம்" என்றார்.

போனோம். விழுப்புரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதே போன் வந்துவிட்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு விழுந்தாளாம். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். பீரோ சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்திருக்கிறார்கள், வலிப்புக்கு இரும்பு பிடித்தால் நிற்கும் என்று. நிற்கவில்லை. நூற்றியெட்டு வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தது. நாங்கள் பஸ் ஏறாமல் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊசி போடக் கை வேண்டும். வீங்கின கையில் வளையல் இறுகிக்கிடந்தது. அத்தனையையும் உடைத்து எடுத்தார்களாம். அவள் அம்மா உடைந்த கண்ணாடித் துண்டுகளை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு, வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "வளையலை உடைச்சிட்டாங்களே, வளையலை உடைச்சிட்டாங்களே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என்னைத் திட்டின அதே வாய். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் பிள்ளை அவள் கன்னத்தில் உதைத்தது. அவள் துள்ளி விலகி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

கத்தி வைக்கவேண்டிய தேவையே வரவில்லை. வலிப்பு அடங்கியதும் வலி எடுத்துத் தானாகவே பிள்ளை வெளியே வந்துவிட்டது. வரும்போதே உயிர் இல்லை. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. மாமியார் வாங்கித் துணியில் சுற்றிப் பிடித்தார். பெஞ்சில் இருந்த யாரோ ஒருத்தி, நிலவரம் தெரியாமல், "இன்னா புள்ளம்மா? நார்மலா, ஆபரேஷனா?" என்றாள். வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்ன மாமியார், அன்றைக்குத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கொழுந்தன் கம்பெனி யூனிபாரத்தோடு வந்து சேர்ந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான். இவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எங்கள் நர்ஸ் வந்தார். யாரும் அனுப்பி வரவில்லை. பஸ் பிடித்து அவராக வந்தார். கையில் அதே டிபன் பாக்ஸ். அதை என்னிடம் நீட்டினார். "சாப்பிடு. மாசமா இருக்கறவ வெறும் வயித்துல கெடக்காத." நான் வாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்தச் சொல்லை இவள் எப்படி எடுத்துக்கொண்டாள், அதற்காக எப்படிக் குந்திக் குந்தி வீடு துடைத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். 

"நான் பிரஷர்னு சொல்லலையா?"

"சொல்லல சிஸ்டர். நார்மல் இல்லன்னு மட்டும்தான் சொன்னீங்களாம்."

"மெஷினைச் சுத்திப் பாத்துட்டுத்தானேம்மா சொன்னேன்? வேற எதைச் சொல்லுவேன்? யாரைக் கேட்டாலும் அது பிரஷர்னு தெரியுமே." பிறகு அவராகவே, "தெரியாதா?" என்று கேட்டார். என்னைக் கேட்டதுபோல் இல்லை. டிபன் பாக்ஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "எத்தன பேருகிட்ட இப்பிடிச் சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு அவரை உலுக்கவேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியை அவர் கையில் வைத்தேன், இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். 

சாயங்காலம் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். கண் விழித்துவிட்டாளாம். ஒருத்தர் மட்டும் வரலாம்; அழக்கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் இப்போது சொல்லக்கூடாது, பிரஷர் மறுபடி ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமியார் என்னைப் பார்த்து, "நீ போம்மா" என்றார். என்னை அவர் அம்மா போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை.

முகம் வீங்கி அவளா என்று தெரியவில்லை. வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். பிறகு ஊசி குத்தாத கை மெல்லப் போர்வைக்குள் போனது. அடிவயிற்றைத் தடவினாள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, விரல் விரலாக, நிதானமாக. அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தையல். அது என் வயிற்றில் இருக்கிறது. அவள் வயிற்றில் இல்லை.

"அக்கா... நார்மலாக்கா?"

குழறலாக வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாண்டி. நார்மல்தான்."

சிரித்தாள். கடிபட்ட நாக்கு வலித்திருக்கவேண்டும், ஆனாலும் சிரித்தாள். "அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் நகரப்போனேன். என் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வியை அவள் அப்போதுதான் கேட்டாள்.

"இன்னா புள்ளக்கா?"